ஏறியவரும் இறங்கியவரும்: ஒரு பழைய சைக்கிளை ஓவராயில் செய்தபோது

பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன கம்பெனி?" அடுத்தது, "எந்த வருஷம்?" சீட்டுக்குக் கீழே பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்ப்பார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். ராலேயா, ஹம்பரா, பி.எஸ்.ஏ.வா, ஹெர்குலிஸா என்று தெரிந்ததும் விலைப் பேச்சு ஆரம்பமாகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான், கண்ணாடி, எனாமல் பாத்திரங்களோடு இப்படியான வண்டிகளும் அவ்வப்போது நிற்கும். இந்த வண்டியில் யார் ஏறிப் போனார்கள், யார் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள் என்று யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. நம் வட்டாரத்தில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஆத்தங்குடியில் ஒரு வீட்டுப் பின்கட்டில், படிப்பு வட்டத்துத் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய ராடு பிரேக் ஹெர்குலிஸைப் பிரித்து ஓவராயில் செய்தோம். அந்த வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தோம். ஆனால் அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985ல்தான் தனியாகப் பிரிந்தது. அதுவரை காரைக்குடியும் ஆத்தங்குடியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946ல் வெளியான தன் சாதி பற்றிய நூலில் இரண்டு பட்டியல்களைப் பதிவு செய்திருக்கிறார். முதலாவது 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த எட்டுத் தடைகள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

மக்கள் பணியவில்லை. அதனால்தான் ஆறே மாதத்தில், 1931 ஜூனில், இரண்டாவது பட்டியல் தேவைப்பட்டது. இதில் பதினோரு தடைகள். எட்டுத் தடைகளை வகுப்பில் சொல்லித்தரும் ஆசிரியர்கள்கூட இந்தப் பதினொன்றை விட்டுவிடுகிறார்கள். நமக்கு இதுதான் முக்கியம். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மலிவு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை, ஆணுக்கு நான்கணா கூலி, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. கடைசித் தடை ஊர்வலம் பற்றியது. குதிரையில் போகக் கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வாகனத்தையும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

எந்த வாகனத்தையும், எந்தக் காரியத்துக்கும். சைக்கிள் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை.

வாகனத் தடையை மானப் பிரச்சினையாக மட்டும் படிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் தலையை விட உயரத்தில் சேரிக்காரன் தலை போகக் கூடாது, அவ்வளவுதான் என்று. அது உண்மைதான். குடை, செருப்பு, குதிரை, பல்லக்கு எல்லாமே உடம்பைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுபவை. ஆனால் வாகனத் தடை எந்தத் தடைகளோடு ஒரே தாளில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கணாக் கூலியோடு, பதினொரு மணி நேர வேலையோடு, நிலத்தை விற்றுவிடு என்ற மிரட்டலோடு. நடந்து மட்டுமே போகக்கூடியவனுக்குப் பக்கத்து மிராசுதாரைத் தவிர வேறு முதலாளி இல்லை. பத்து மைல் தள்ளி ரோடு வேலை நடந்தாலும், காரைக்குடியில் வீடு கட்டும் வேலை இருந்தாலும், விடிவதற்குள் போய்ச் சேர்ந்து இருட்டுவதற்குள் திரும்ப அவனால் முடியாது. கையில் ஒரு சைக்கிள் இருந்தால் அந்தப் பத்து மைல் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கூலியை ஒப்பிட்டுப் பார்க்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம். பட்டியல் போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரும் போகலாம், புழங்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அது அரசாணையாகவும் வந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே வருடம். ஆக, ராமநாதபுரத்தில் பதினோரு தடைகள் போடப்பட்டபோது சாலையில் நடக்கும் உரிமை காகிதத்தில் ஏழு வயதாகியிருந்தது. ஊர் அந்த ஆணையைத் தனக்கு வசதியாகத்தான் படித்தது: நடக்கத்தானே உரிமை? நட. ஏறாதே.

வாகனமும் சாதியும் பற்றிப் பேசும்போது அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கும் சாலிஸ்காவ் சம்பவம் நினைவுக்கு வராமல் போகாது. 1929ல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகப் போயிருந்த அவரை ஏற்றிக்கொண்டு வண்டியோட்ட டோங்காக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. மகர் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுவது தங்களுக்கு இழிவு என்றார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத சொந்தச் சாதிக்காரர் ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. மாட்டு வண்டி, குதிரை வண்டி எதற்கும் ஒரு வண்டிக்காரன் வேண்டும், அவன் மறுக்கலாம். சைக்கிளுக்கு அவன் தேவையில்லை. ஏறுகிறவரேதான் ஓட்டுகிறார். அதனால் சைக்கிளைத் தடுக்க ஊருக்கு மிஞ்சியது ஒரே வழி. தெருமுனையில் இறக்கிவிடுவது.

இறங்கி, செருப்பைக் கழற்றி, வண்டியை உருட்டிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்து, மறுமுனையில் மறுபடி ஏறுவது. தென்மாவட்டங்களில் களப்பணி செய்த யாரும் இந்த வழக்கத்தைக் கேட்காமல் வந்திருக்க முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 2006ல் வெளியிட்ட கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூலும், 21ஆம் நூற்றாண்டில் தொடரும் வழக்கங்களில் ஒன்றாக சைக்கிள் தடையைப் பதிவு செய்தது.

இனி வண்டிக்கு வருவோம்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது பிரீவீல் டிக் டிக் என்று ஒலிக்கும். மிதித்துக்கொண்டு போகும்போது அந்த ஒலி வராது, செயின் இழுப்பில் பிரீவீல் பிடித்துக்கொள்ளும். பல்லுக்கு மேல் தாவித் தாவி விழும் சின்ன உலோக நாக்குதான் அந்தச் சத்தத்தைத் தருகிறது. பின்கட்டில் பிரீவீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்துக் கையால் சுற்றியபோது ஒரு தோழர், "இதுதான் நம்ம தெருவைக் கடக்கிற சத்தம்" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் அதைச் சுற்றவில்லை.

உருட்டிய தூரம் ஒரு வண்டியில் பதிவாகுமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. கொஞ்சம் யோசித்தால் பதில் தெரியும். உருட்டினாலும் ஓட்டினாலும் சக்கரம் சுற்றுகிறது, ஆகவே ஹப்பில் உள்ள கோனும் பால்ரஸும் இரண்டிலும் சுற்றுகின்றன. ஆனால் உருட்டும்போது செயின் நகராது, கிராங்க் சுற்றாது, பெடல் ரப்பர் தேயாது. ஹப் தேய்ந்து பெடல் புதிதாக இருந்தால் அது நிறைய உருட்டப்பட்ட வண்டி என்று சொல்லிவிடலாமா? முடியாது. பெடலை யாரோ மாற்றியிருக்கலாம், செயினும் மாறியிருக்கும், சுமை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் வண்டியும் அப்படித்தான் இருக்கும். இரும்பு அவமானத்தைத் தனியாகக் குறித்துவைப்பதில்லை. அதை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். பழைய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மனிதரை விட்டுவிட்டு இரும்பிடம் மட்டும் கேட்பதுதான் எங்கள் புகார்.

வேலையைப் பொறுத்தவரை இந்த வகை வண்டியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பிரித்துப் பார்க்க விரும்பும் தோழர்களுக்காகச் சில விஷயங்கள். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்தான் முதல் சோதனை. முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக, நேராக அடிக்க வேண்டும். தட்டித் தட்டிப் பார்த்தால் பின் வளைந்துகொள்ளும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதாவது கழற்ற வேண்டிய திசை வேறு. நடு அச்சில் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பால்ரஸ். பழைய கிரீஸ் கல்லாகியிருக்கும், அதோடு சேர்த்து ஒன்றிரண்டு பால்ரஸை வீசிவிடாமல் எண்ணி எடுக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40, இது பிரிட்டிஷ் வண்டிகளிலிருந்து வந்த பழைய கணக்கு. பின்னால் சுமை அதிகம் என்பதால் அப்படி. கோட்டம் எடுக்கும்போது ராடு பிரேக் வண்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, உள்புறத்தில் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அதனால் பக்கவாட்டுக் கோட்டத்தை விட மேல்கீழ்க் கோட்டம்தான் பிரேக்கைக் கெடுக்கும். 28க்கு 1½ டயர் இன்றும் கடையில் கிடைக்கிறது. ரிம்மில் படிந்த துருவுக்குப் புளி போதும். பித்தளைப் பாத்திரத்துக்குத் தேய்க்கும் அதே புளி. 1931 பட்டியலில் பித்தளைக் குடமும் தடைசெய்யப்பட்டிருந்தது, தண்ணீர் மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும்.

இந்த ஹெர்குலிஸ் அம்பத்தூரில் செய்தது. அதிலும் செட்டிநாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. காரைக்குடிக்கு வடக்கே உள்ள பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பம், பர்மாவில் வட்டித் தொழிலில் சேர்த்த பணத்தைப் பின்னாளில் தொழிற்சாலைகளில் போட்டது. 1949ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டோடு டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. பர்மிங்காமில் 1910ல் பிறந்த ஹெர்குலிஸ் பெயர் அப்படித்தான் அம்பத்தூருக்கு வந்தது. பர்மிங்காம் ஹெர்குலிஸ் நின்றுபோய்விட்டது, இங்கே நிற்கவில்லை. செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வருகிறவர்களிடம் பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் யார் கையால் வார்க்கப்பட்டது என்று சொல்ல மாட்டார்கள். கண்ணாடித் தட்டின்மேல் வண்ண சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது. முதலுக்கு வரலாறு எழுதப்படுகிறது. உழைப்புக்கு எழுதப்படுவதில்லை.

எங்கள் வண்டியின் கேரியரில்தான் எங்களுக்குப் பெரிய முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி கேரியரின்மேல் யாரோ கட்டுமானக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து, அச்சு வரைக்கும் இரண்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கரி மூட்டையோ, விறகோ, தண்ணீர்க் குடமோ ஏற்றிய வண்டி. கருவேலங்கரி சுமக்கும் நம் பகுதியில் இது சாதாரணக் காட்சி. பழம்பொருள் சேகரிப்பவர் கையில் கிடைத்திருந்தால் அந்தக் கம்பிகளை முதல் நாளே அறுத்துப் போட்டிருப்பார். "ஒரிஜினல்" ஆக வேண்டுமே! மேலே கறுப்பு எனாமல் அடித்து, தங்கக் கோடு இழுத்து, ஸ்டிக்கர் ஒட்டி வரவேற்பறையில் நிறுத்தினால் அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அதைச் சுமந்தவர்களும் அது சுமந்தவர்களும் அழிந்துபோவார்கள். நாங்கள் கம்பிகளை அறுக்கவில்லை. துருவை எடுத்து, எண்ணெய் தடவி அப்படியே விட்டோம். பெயிண்டும் அடிக்கவில்லை. ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் மாற்றினோம்: டயர், டியூப், பிரேக் கட்டை, காட்டர் பின், பால்ரஸ், செயின்.

யார் ஏறலாம் என்று சைக்கிளை வைத்துப் பிரித்தது நம் ஊர் மட்டும் அல்ல. அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டிகளின் பெரிய சங்கமான லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென் 1894ல் லூயிவில்லில் கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி எழுதியது. அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1899ல், மான்ட்ரியாலில் நடந்த ஒரு மைல் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனவர் கறுப்பினத்தைச் சேர்ந்த மேஜர் டெய்லர். அந்தச் சங்கம் தன் விதியை முறையாகக் கைவிட்டது 1999ல். நூறு வருடத்துக்கு மேல். அம்பேத்கரையும் கறுப்பின இயக்கங்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் டெய்லரையும் படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம்.

நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்த நல்ல கதையையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 1991ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லித்தருவதோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லித்தரப்பட்டது. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். பி. சாய்நாத் எழுதியதால் அது உலகத்துக்குத் தெரிந்தது. 'லேடீஸ் சைக்கிள்' கிடைக்காதபோது பெண்கள் பார் வைத்த ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள், பிள்ளையை உட்காரவைக்க பார் வசதி என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். ஓட்டக் கற்றவர்களில் விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கதை பெண் விடுதலைக் கதையாக மட்டுமே பாடப்புத்தகம் வரை போனது. குவாரியில் கல் உடைத்த பெண் சேரியிலிருந்து புறப்பட்டு எந்தத் தெரு வழியாக ஓட்டினாள் என்ற கேள்வி அதில் மங்கலாகவே இருக்கிறது. சாய்நாத்தைக் குறை சொல்லவில்லை, அவர் எழுதியிராவிட்டால் இவ்வளவும் தெரிந்திராது. பின்னால் வந்தவர்கள் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டமும் 2001-02ல் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் முதலில் வந்தது, மற்ற மாணவர்களுக்குப் பிறகே விரிந்தது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

சட்டம் சைக்கிளைப் பெயர் சொல்லி அழைக்க வெகுகாலம் ஆனது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பொதுச் சாலையைத் தடுப்பதும், தீண்டாமையைக் காட்டிக் கடைக்காரர் சேவை தர மறுப்பதும் குற்றமாக்கப்பட்டன. வாடகை சைக்கிள் தர மறுப்பதும் இதில் அடங்கும். ஆனால் 'இறங்கி உருட்டு' என்பதை அப்படியே எழுதிய சட்டம் 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிவு 3(1)(இசட்.ஏ)வின் 'பி' உட்பிரிவைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இப்போது 1930, 1931 பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு, உடை, ஊர்வலம், குதிரை, வாகனம். ராமநாதபுரத்தில் போட்ட தடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதியது போல இருக்கும். இடையில் 84 வருடம்.

அதன் பிறகும் 2025 பிப்ரவரியில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டினான் என்பதற்காகவே தங்கள் பிள்ளையின் கைகள் வெட்டப்பட்டன என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பம் புகார் கொடுத்தது. மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். வண்டியின் விலை ஏறியிருக்கிறது, என்ஜின் வந்திருக்கிறது. காலை அல்ல, ஹேண்டில்பாரைப் பிடித்த கையை வெட்டியிருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் பழைய சைக்கிள் ஏதாவது மாட்டுத் தொழுவத்திலோ பரணிலோ கிடந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேம் எண்ணைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். பற்றவைத்த இடம், மாற்றிய உறுப்பு, கட்டியிருக்கும் கயிறு எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். பிறகு அந்தத் தெருவில் வயதானவர்களிடம் உட்காருங்கள். வண்டி யார் பணத்தில் வந்தது, கூலியிலா, ரங்கூன் பணத்திலா, பட்டாளத்துச் சம்பளத்திலா? சேரியில் முதலில் சைக்கிள் வாங்கியவர் யார்? பெண்களில் முதலில் ஓட்டியவர் யார்? வாடகைக்கு எந்தக் கடையில் தருவார்கள், எந்தக் கடையில் தர மாட்டார்கள்? எந்த இடத்தில் இறங்குவார்கள், புளியமரத்திலா, கோயில் முக்கிலா, பள்ளிக்கூடத்திலா? எங்கே மறுபடி ஏறுவார்கள்? முதலில் இறங்காமல் போனது யார், அன்றைக்கு என்ன நடந்தது? அந்த இரண்டு இடங்களையும் அவர்களோடு நடந்துபோய்ப் பார்த்து, வரைபடத்தில் குறியுங்கள். வயது எழுபதைத் தாண்டியவர்களை முதலில் பாருங்கள்.